பென்சிலால் எழுதிய ஜூன்

மார்ச், வியாழன் மாலை.
திருச்சபைக் கூடத்தின் கீழ்த்தள அறை.
மேசைமேல் வரைபடம். சுருண்டுவிடாமலிருக்க
நான்கு மூலைக்கும் நான்கு காபிக் கோப்பைகள்.
மாவ்னுவின் கோப்பை மட்டும் பேச்சுக் கேட்காமல் நடுவில்.
ஜன்னலுக்கு வெளியே தோர்னே ஆறு
ஒரு மீட்டர் பனிக்கட்டிக்கு அடியில்
யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்க்கொண்டிருக்கிறது.
அதன் முதுகில் ஒருவர் நாயோடு உலாவுகிறார்.

ஜூன் பத்தொன்பது என்று எழுதினேன்.
ஓவர்தோர்னியோவிலிருந்து ஹாப்பராண்டா வரை.
நான்கு நாள், ஏழு கேனோ, பதினான்கு பேர்.
எழுதியதுமே
படகில் உட்கார்ந்துவிட்டவர்கள்போல
பிள்ளைகள் முதுகை நிமிர்த்திக்கொண்டார்கள்.

"அன்னைக்குத் தண்ணி எவ்வளவு இருக்கும்?"
இது சிக்னே. ரொட்டியில் தடவும் வெண்ணெயைக்கூட
கண்ணால் அளந்துவிட்டுத்தான் கடிப்பாள்.

லூலே ஆறாக இருந்தால் சொல்லிவிடலாம்.
அங்கே மின்நிலையத்தில் என் மைத்துனன்
திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான்.
போன் போட்டால் போதும்,
இத்தனை மணிக்கு இத்தனை கதவு என்பான்.
இந்த ஆற்றுக்குக் கதவு கிடையாது.
கதவு இல்லாத வீட்டில்
எங்கே தட்டுவது?

மேலே மலையில் வெயில் என்றைக்கு உறைக்கிறதோ,
அன்றைக்கு.
அதுவும் எத்தனை நாள் உறைக்கிறதோ, அவ்வளவு.
தெரியாது என்றேன்.
சிக்னே அதைக் குறித்துக்கொண்டாள்:
தண்ணீர், தெரியாது.

அப்புறம் மதியச் சாப்பாடு.
எதிர்க்கரை ஹில்யா கேட்டாள், எந்த நேரப்படி?
இறங்கும்போது இடக்கரை பின்லாந்து,
ஒரு மணி நேரம் முந்தி.
வலக்கரை நாங்கள்.
இருபது நிமிடம் இதே சண்டை.
நடு ஆற்றில் போனால் அரை மணி வித்தியாசம்
என்றான் நீலோ, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.
அதையும் எழுதிவைத்தேன்.

துவாவையும் ஈசாக்கையும்
ஒரே கேனோவில் போட்டிருந்தேன்.
ஜனவரியில் சரியாக இருந்த கணக்கு.
பெயர்களைப் படித்ததும் அறையில் யாரும் மெல்லவில்லை.
ஈசாக் தன் ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினான்.
அழித்தேன். ரப்பர் துகளை ஊதினேன்.
போத்னியா வளைகுடாவில் போய் விழுந்தது.

குக்கோலாவின் வேகநீரில் இறங்கப்போவதில்லை.
படகைத் தூக்கிக்கொண்டு கரையோரம் நடப்போம்.
"ஆறு இருக்கும்போது எதுக்கு நடக்கணும்?" என்றான் மாவ்னு.
அவன் மாமா அந்த நீரின் மேல் மரப்பாலத்தில் நின்று
நீளக்காம்பு வலையால் மீன் அள்ளுபவர்.
உன் மாமாவைக் கேள், என்றேன்.
கேட்டாச்சு, அவரும் நடக்கத்தான் சொன்னார்
என்று முணுமுணுத்தான்.

போன வருட உயிர்காப்புச் சட்டைகளை
அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்த்தோம்.
பதினான்கில் ஐந்துதான் பூட்டிக்கொண்டன.
சட்டைகள் அப்படியே இருக்கின்றன.

கடைசிவரை பேசாதிருந்த ரேத்தா
தாளை என் பக்கம் திருப்பி
"கவிழ்ந்தால்னு ஒரு பத்தியே இல்லையே" என்றாள்.
உண்மைதான்.
கூடாரத்துக்கு ஆறு வரி, கொசு மருந்துக்கு மூன்று வரி,
இதற்கு இல்லை.
எனக்குத் தெரியும், ஏன் விட்டேன் என்று.
உட்கார்ந்து எழுதினோம்.
தாளிலேயே நீளமான பத்தி அதுதான்.
பென்சிலை வைத்துவிட்டுப் பேனா எடுத்தேன்.

எட்டு மணிக்குக் கலைந்தோம்.
ஹில்யாவும் தம்பி ஆர்வோவும்
தலைவிளக்கை மாட்டிக்கொண்டு
ஆற்றின் மேலேயே நடந்து வீட்டுக்குப் போனார்கள்.
ஜூனில் துடுப்புப் போடும் இடத்தில்
பூட்ஸ் சத்தம்.
இரண்டு வெளிச்சம், பிறகு ஒன்று, பிறகு மரங்கள்.

கோப்பை கழுவும்போது செய்தி வந்தது:
'வந்துட்டோம். மணி ஒன்பது இருபது.'
என் கையில் எட்டு இருபது.

வரைபடத்தைச் சுருட்டப் போனால்
நடு ஆற்றில்
மாவ்னுவின் காபி வட்டம்,
எந்த அரசும் பெயர் வைக்காத தீவு.
காயட்டும் என்று விட்டுவிட்டேன்.
இரண்டாம் இரவுக்கு
இன்னும் இடம் பார்க்கவில்லை.